சீனக் குழந்தைகளுக்கு ஆங்கிலம்: ஓர் அமெரிக்க டீச்சர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் நாள் வகுப்பு முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற உதவி ஆசிரியையிடம் ஏதோ கேட்டார். அந்தப் பெண்ணுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்னவென்று விசாரித்தேன். "அமெரிக்க டீச்சர் எப்போ வருவாங்கன்னு கேக்கறாங்க" என்றாள்.

அமெரிக்க டீச்சர் நான்தான். பிறந்தது மதுரை. எட்டு வயதில் அப்பா அம்மாவோடு டல்லாஸ் போனவள், அங்கேயே படித்து, அங்கேயே குடியுரிமையும் வாங்கினேன். பாஸ்போர்ட், பட்டம், உச்சரிப்பு எல்லாம் அமெரிக்கா. தோல் மட்டும் பாட்டி எதிர்பார்த்த நிறத்தில் இல்லை. 2017 முதல் 2019 வரை சிச்சுவான் மாகாணத்துச் செங்டு நகரில் பாடம் எடுத்தேன். மாலையிலும் வார இறுதியிலும் ஒரு தனியார் பயிற்சி மையம், வாரத்தில் இரண்டு நாள் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி. டல்லாஸ் திரும்பிய பிறகும் 2021 வரை வீட்டிலிருந்தே கணினி வழியாக அதே வேலைதான்.

அங்கே போகும் அமெரிக்கர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளில் பாதியை நானும் செய்திருக்கிறேன். மீதியைச் செய்யாமல் தப்பித்ததற்குக் காரணம் என் பயிற்சிச் சான்றிதழ் இல்லை. வீட்டில் பேசிய தமிழ்தான். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

விசா விஷயத்தில் ஏஜெண்டை நம்பாதீர்கள்

இதை முதலில் முடித்துவிடலாம், சுவாரசியமில்லாத விஷயம். சீனாவில் சம்பளத்துக்குப் பாடம் எடுக்க இஸட் விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். அதற்கு இளங்கலைப் பட்டம், குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று, இரண்டு வருட அனுபவம் அல்லது 120 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழ் ஆகியவை தேவை. "இப்போதைக்கு எம் விசாவில் வாங்க, வந்தபிறகு மாத்திக்கலாம்" என்று சில ஏஜெண்டுகள் சொல்வார்கள். எம் என்பது வியாபார விஷயமாக வந்துபோகிறவர்களுக்கான விசா. அதில் வந்து வகுப்பு எடுத்தால் அது சட்டவிரோத வேலை. பிடிபட்டால் அபராதம், காவல், நாடு கடத்தல் என்று போகும்.

வீடு எடுத்துத் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். அதனால்தான் பலர் வீடு மாறும்போது இதை மறக்கிறார்கள். சான்றிதழ்களைத் தூதரகம் வரை அலைந்து முத்திரை வாங்கும் பாடு இப்போது இல்லை; சொந்த நாட்டு அரசே போட்டுத்தரும் அப்போஸ்டில் என்ற முத்திரையை 2023 நவம்பர் 7 முதல் சீனா ஏற்றுக்கொள்கிறது.

இன்னொன்று. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டின் பாஸ்போர்ட்டையே விதி எதிர்பார்க்கிறது. ஆக, சென்னையில் இருபது வருடம் ஆங்கிலம் நடத்தியவருக்கு இந்த அனுமதி கிடைப்பது கஷ்டம். போன மாதம் கல்லூரி முடித்த டெக்சஸ் பையனுக்குச் சுலபம். பாட்டி கேட்ட கேள்விக்கும் இந்த விதிக்கும் பெரிய தூரமில்லை என்று எனக்குத் தோன்றும்.

அவர்களுக்கு ஏ, பி, சி தெரியாது என்று நினைக்காதீர்கள்

இந்த ஒரு தவறைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். சீனாவில் 2001-லிருந்து ஆங்கிலம் மூன்றாம் வகுப்பில் தொடங்குகிறது; பெரிய நகரங்கள் சிலவற்றில் முதல் வகுப்பிலேயே. ஆனால் ரோமன் எழுத்து அதற்கு முன்பே குழந்தையிடம் வந்துவிடுகிறது. சீன எழுத்துகளின் உச்சரிப்பைக் காட்ட பின்யின் என்ற முறையை 1958-இல் ஏற்றுக்கொண்டார்கள். முதல் வகுப்பில் சேர்ந்ததும் குழந்தைகள் படிப்பது அதைத்தான். எழுத்துகள் நமக்குத் தெரிந்தவை, ஒலிகள் வேறு. க்யூ என்ற எழுத்துக்கு ஏறத்தாழ 'ச்ச', எக்ஸுக்கு மெல்லிய 'ஷ', சி என்றால் 'ட்ஸ'.

சி-ஏ-என் என்று எழுதும் 'கேன்' என்ற சொல்லை ஒரு பையன் 'ட்ஸான்' என்று படித்தான். நான் சிரித்துக்கொண்டே, "நோ, நோ, கேன்!" என்றேன். அவன் மறுபடி 'ட்ஸான்' என்றான், இந்த முறை கொஞ்சம் அழுத்தமாக. அவனைப் பொறுத்தவரை தப்பாகப் படித்தது நான்தான். யோசித்துப் பார்த்தால் அவன் கோபம் நியாயம். ஆங்கிலத்தில் 'ஃபேன்' என்று எழுதுவதை அவன் 'ஃபான்' என்று படித்தால் அது சோறு. 'லாங்' என்று நாம் எழுதுவது அவனுக்கு 'லோங்', அதாவது டிராகன். பெண்களைக் குறிக்கும் 'விமன்' என்ற சொல்லின் எழுத்துகளைப் பின்யின்படி படித்தால் 'வோமன்', பொருள் 'நாங்கள்'. முதல் வகுப்பில் நூறு மார்க் வாங்கிக்கொடுத்த படிப்பை வைத்துத்தான் அவன் இதைப் படிக்கிறான்.

தமிழர்களுக்கு இது உடனே விளங்கும். 'தமிழ்' என்பதை ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு இஸட்-ஹெச் போட்டு எழுதி, ஓர் அமெரிக்கரைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். பின்யினிலும் இஸட்-ஹெச் உண்டு. அங்கே அது கிட்டத்தட்ட 'ஜ'. எழுத்து ஒன்றுதான், மூன்று ஊரில் மூன்று ஒலி. டல்லாஸ் பள்ளியில் என் பெயரை வருகைப் பதிவில் படிக்கத் திணறிய குரல்களைக் கேட்டு வளர்ந்தவள் நான். அப்படியும் அந்தப் பையனைப் புரிந்துகொள்ள மூன்று வாரம் ஆனது.

அப்புறம் நான் செய்தது இதுதான். பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் பின்யின், வலப்பக்கம் ஆங்கிலம், இரண்டுக்கும் வேறு வேறு நிறம். முதலில் இடப்பக்கத்தை அவர்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டும். நான் தப்பாகச் சொல்ல, அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு வலப்பக்கம் போவோம். 'அதே எழுத்து, வேறு ஊர்' என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

'புக்கு' என்று சொன்னால் திட்டாதீர்கள்

பொதுச் சீனத்தில் ஓர் அசை உயிரொலியில் முடியும், இல்லையென்றால் 'ன்', 'ங்' போன்ற ஒன்றிரண்டு ஒலிகளில் முடியும். க், ட், ப், ஸ் என்று வெட்டி நிறுத்தும் பழக்கம் நாக்குக்கு இல்லை. அதனால் புக் என்பது 'புக்க'வாக நீளும், பஸ் 'பஸ்ஸ' ஆகும். என்னோடு வேலை பார்த்த ஓஹையோக்காரர் இதைக் கேட்டு நாள் முழுக்கத் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கோ பெரியார் பேருந்து நிலையத்தில் நிற்பதுபோல இருக்கும். புக்கு, பஸ்சு, காரு, லைட்டு என்று நாம் பேசாததா?

"கடைசியில ஒண்ணும் சேர்க்காதே" என்று சொல்லிச் சொல்லிப் பயனில்லை. அந்தக் கடைசி மெய்யை அடுத்த சொல்லின் உயிரோடு கோத்துவிட்டால் போதும். 'புக் இஸ்' என்பதை 'புக்கிஸ்' என்று ஒரே மூச்சில் சொல்ல வையுங்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் உண்மையில் பேசுவதும் அப்படித்தான்.

ஊர்ப் பேச்சையும் கவனிக்க வேண்டும். சிச்சுவான் வழக்கில் நகரமும் லகரமும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். 'நைட்' என்கிறானா 'லைட்' என்கிறானா என்று வாயைப் பார்த்தாலும் தெரியாது. பெய்ஜிங்கில் படித்த குழந்தைக்கு இந்தச் சிக்கல் இருக்காது. 'சீனக் குழந்தைகளின் பிழைகள்' என்று ஒரே பட்டியல் கொடுக்கும் பயிற்சிப் புத்தகங்களை நான் அவ்வளவாக நம்பாததற்கு இதுதான் காரணம். 'வாளப்பளம்' கேட்டு வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஆமா, பிடிக்கலை"

"டோண்ட் யூ லைக் இட்?" என்று கேட்டால் குழந்தை "யெஸ்" என்கிறது. சரி, பிடித்திருக்கிறது என்று நினைத்துக் கூடுதலாக இரண்டு கேரட் துண்டை அதன் தட்டில் வைக்கிறீர்கள். குழந்தை அழுகிறது. அது சொன்னது "ஆமாம், பிடிக்கவில்லை". கேள்வியோடு ஒத்துப்போனால் ஆமாம், மறுத்தால் இல்லை. சீனத்தில் அப்படித்தான், தமிழிலும் அப்படித்தான். ஆங்கிலம்தான் கேள்வி எப்படி வந்தாலும் கண்டுகொள்ளாமல், விஷயம் உண்டா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும். சின்னக் குழந்தைகளிடம் எதிர்மறைக் கேள்வியே கேட்காதீர்கள். பத்து வயதுக்கு மேல் என்றால் தனியாகப் பயிற்சி கொடுக்கலாம், நான் கொடுத்தேன்.

'ஈட் மெடிசின்' என்று எழுதியிருந்தாலும் சிவப்பு மையைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். சீனத்திலும் மருந்தைச் சாப்பிடத்தான் செய்கிறார்கள், நம்மைப்போல. 'ஓப்பன் த லைட்' என்பதும் அப்படி வந்ததே: கதவைத் திறக்க, விளக்குப் போட, கார் ஓட்ட, எல்லாவற்றுக்கும் 'காய்' என்ற ஒரே வினைச்சொல். பெரிய எண்களில் அவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் கணக்கு வராமல் இல்லை. அவர்களுக்குப் பத்தாயிரம் ஓர் அலகு, 'வான்' என்பார்கள். லட்சத்தை 'பத்து வான்' என்று எண்ணிவிட்டு அதை ஆங்கில ஆயிரங்களுக்கு மாற்ற வேண்டும். லட்சம், கோடியில் எண்ணிப் பழகிவிட்டு மில்லியனுக்கு மாறும்போது நாம் விரல் விடவில்லையா?

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. அவன், அவள் இரண்டுக்கும் சீனப் பேச்சில் 'தா' என்ற ஒரே ஒலிதான். எழுத்தில் பெண்ணுக்குத் தனி வடிவம் வந்ததே 1920 வாக்கில், லியூ பன்னோங் என்ற கவிஞர் முன்வைத்த பிறகு. ஆகவே "மை மதர், ஹி இஸ் எ டாக்டர்" என்பது ஆங்கிலம் சரளமாகப் பேசும் பெரியவர்களிடமும் வரும். இதற்கு எனக்குக் குறுக்குவழி எதுவும் கிடைக்கவில்லை. பொறுமைதான்.

கையும் காதும் ஏமாற்றும்

"ஹவ் ஓல்ட் ஆர் யூ?" என்று கேட்டேன். ஒரு பெண் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டி என் பக்கம் காட்டினாள். அமெரிக்கப் பள்ளிகளில் விரலால் துப்பாக்கி காட்டிய குழந்தையை முதல்வர் அறைக்கு அனுப்பிய கதைகள் உண்டு. என் கை தன்னால் உயர்ந்தது, "நோ!" என்றேன். அவள் பயந்துபோய், "எய்ட்" என்றாள். சீனாவில் ஒரே கையால் பத்து வரை காட்டுவார்கள். அந்தத் துப்பாக்கிதான் எட்டு. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீண்டால் ஆறு. பத்துக்கு ஆள்காட்டி விரல்கள் இரண்டையும் குறுக்கே வைப்பவர்களும் உண்டு, சீனத்தில் பத்தை எழுதும் வடிவம் அதுதான். போகுமுன் இந்தப் பத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

காதும் ஏமாறும். "நெய்க… நெய்க…" என்று ஒரு குழந்தை இழுத்தால், புதிதாக வந்த அமெரிக்கருக்கு அது கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லாகக் கேட்கும். நாம் "அது வந்து… அது வந்து…" என்று இழுப்போமே, அதேதான். சொல்லின் பொருளும் 'அது'தான். 2020-இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் இதை உதாரணமாகச் சொல்லப்போய், அந்தப் பாடத்தை நடத்துவதிலிருந்தே ஒதுங்க வேண்டி வந்தது. வகுப்பில் பதறாதீர்கள்.

குழந்தைகள் "டீச்சர்! டீச்சர்!" என்றே கூப்பிடுவார்கள். "டீச்சர் என்பது என் பெயரில்லை" என்று பலகையில் தன் பெயரை எழுதிப் பழக்க முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சீனத்தில் 'லாவ்ஷி', அதாவது டீச்சர், என்பது மரியாதை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் துடுக்குத்தனம். மதுரையில் யாராவது டீச்சரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோமா?

அவர்கள் வைத்துக்கொள்ளும் ஆங்கிலப் பெயரையும் மாற்றாதீர்கள். ஆப்பிள், லக்கி, செவன், டிராகன் என்றெல்லாம் வரும். "இது பெயர் மாதிரி இல்லையே, ஜான் என்று வைத்துக்கொள்" என்பது அந்தக் குழந்தை தானாகத் தேர்ந்தெடுத்த ஒன்றைப் பிடுங்குவது. உங்களுக்கு அவர்கள் வைக்கும் சீனப் பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளத் தயங்குகிறீர்களா என்ன?

நாற்பத்தைந்து பேர் முன்னால்

பயிற்சி மையத்தில் வகுப்புக்குப் பன்னிரண்டு பேர். அரசுப் பள்ளியில் நாற்பத்தைந்து. அமெரிக்கப் பயிற்சி முழுக்க முதல் வகைக்கானது. "யார் முயற்சி பண்றீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் மௌனம். நான் அதைச் சோம்பல் என்று நினைத்தேன். பிறகுதான் பின்வரிசையில் சில முன்கைகள் நிமிர்ந்திருப்பதைக் கவனித்தேன். கையை வானத்துக்கு ஆட்ட மாட்டார்கள். முழங்கையை மேசையில் ஊன்றி, முன்கையை மட்டும் நேராக நிறுத்துவார்கள். நான் ஒரு வாரமாக அதைப் பார்க்கவே இல்லை.

எழுந்து நின்ற குழந்தையை அத்தனை பேர் முன் திருத்தினால் அடுத்த முறை அது எழாது. 'மியென்ட்ஸ' என்பார்கள், நேர்ப்பொருள் முகம். நம் ஊரில் 'மானம் போச்சு' என்போமே, அது. அவன் "ஹி கோ ஸ்கூல்" என்றால், "ஓ, ஹி கோஸ் டு ஸ்கூல்!" என்று ஆர்வமாகக் கேட்டதுபோலத் திருப்பிச் சொல்லிவிட்டு, மொத்த வகுப்பையும் ஒருமுறை சேர்ந்து சொல்ல வைத்தால் போதும். சேர்ந்து சொல்வதை மனப்பாடக் கலாசாரம் என்று ஏளனம் செய்யும் அமெரிக்கர்கள் நிறைய. அந்தக் கூச்சலுக்குள் ஒளிந்துகொண்டுதான் கூச்சமுள்ள குழந்தை முதல்முறையாக வாயைத் திறக்கிறது.

"புரிந்ததா?" என்று கேட்பதும் வீண். "யெஸ்" என்று நாற்பத்தைந்து குரல் வரும். "ஹவ் ஆர் யூ?" என்றால் "ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்று ரயில் ஓடுவதுபோல வரும், அழுதுகொண்டிருக்கும் குழந்தையும் அதையேதான் சொல்லும். மனநிலை தெரிய வேண்டுமென்றால் நான்கு முகங்களை வரைந்து, ஒன்றைத் தொடச் சொல்லுங்கள்.

ஒருநாள் பாடத்தின் நடுவே ஒலிபெருக்கியில் இசை வந்தது. நாற்பத்தைந்து பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண் தேய்த்துவிடும் பயிற்சி அது; 1963-லிருந்து பள்ளிகளில் இருக்கிறது. தெரியாமல் நான் மூடிய கண்களுக்கு முன்னால் படஅட்டைகளைக் காட்டிக்கொண்டே நின்றேன்.

பச்சைத் தொப்பி, சிவப்பு மை

மார்ச் 17 அன்று செயின்ட் பேட்ரிக் தினம், பச்சை உடுத்திக் கொண்டாடும் அயர்லாந்து விழா. அந்த ஓஹையோக்காரர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பச்சைத்தாளில் தொப்பி வெட்டினார், முப்பது குழந்தைகளுக்கு முப்பது. மாலையில் கூட்டிப்போக வந்த அப்பாக்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சீன வழக்கில் ஒருவன் பச்சைத் தொப்பி போட்டிருக்கிறான் என்றால் அவன் மனைவிக்கு வேறு தொடர்பு இருக்கிறது என்று அர்த்தம். உதவி ஆசிரியை ஒவ்வொரு தலையிலிருந்தும் தொப்பியைக் கழற்றிக்கொண்டே ஓடினாள்.

என் பங்குக்கு நான் செய்தது சிவப்பு மை. நட்சத்திரப் பட்டியலில் எல்லாக் குழந்தைகளின் பெயரையும் அழகாகச் சிவப்பில் எழுதி ஒட்டினேன். உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவது அங்கே அபசகுனம். மறுநாள் காலை அந்தப் பட்டியல் கறுப்பு மையில் புதிதாக எழுதப்பட்டிருந்தது. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் மியென்ட்ஸ உண்டென்று நினைத்திருப்பார்கள். பரிசாகக் கடிகாரம் கொடுக்க வேண்டாம், சீனத்தில் 'கடிகாரம் கொடுப்பது' என்பது சாவுக்கடன் செய்வதைப்போல ஒலிக்கும். சுவரில் மாட்ட அமெரிக்காவிலிருந்து உலக வரைபடம் கொண்டுபோகவும் வேண்டாம். தைவானுக்கு வேறு நிறம் இருந்தால் ஆங்கிலப் பாடம் அன்றோடு சரி.

பெற்றோர் விஷயத்தில் எனக்கு அவ்வளவு சிரமம் இருக்கவில்லை. "சாப்பிட்டாச்சா?" என்றுதான் வரவேற்பார்கள். இருமினால் வெந்நீர் கொண்டுவருவார்கள். "குண்டாகிவிட்டீர்களே" என்று அன்போடு சொல்வார்கள். அமெரிக்கச் சக ஆசிரியைகள் இதற்குக் கண்கலங்கியிருக்கிறார்கள். எனக்கு ஊர் அத்தைமார் ஞாபகம் வந்தது.

கணினியில் எடுத்தால்

சீனா முழுவதற்கும் ஒரே நேரம், கோடை குளிர் என்று கடிகாரத்தை மாற்றுவதும் இல்லை. அமெரிக்கா மார்ச்சிலும் நவம்பரிலும் மாற்றும். பெய்ஜிங்கில் மாலை 6 மணி என்றால் டல்லாஸில் கோடையில் காலை 5. நவம்பரில் மாற்றியபின் 4. முதல் நவம்பரில் நான் ஐந்து மணி வகுப்புக்கென்று எழுந்து, தலைவாரி, கேமராவைப் போட்டபோது இருபத்தைந்து நிமிட வகுப்பு முடிந்து அரை மணி ஆகியிருந்தது. கைபேசியில் பெய்ஜிங் நேரத்தையும் வைத்து, அலாரத்தை அதற்கே வையுங்கள்.

திரையில் இன்னொரு தவறு, அளவுக்கு மீறிய குதூகலம். பொம்மை, தொப்பி, கைதட்டல் என்று ஆறு வயதுக்குச் செய்வதைப் பதினொரு வயதுப் பையனுக்குச் செய்தால் அவன் கேமராவைக் கூரைக்குத் திருப்பிவிடுவான். எனக்கு அப்படி ஒருவன் இருந்தான். பொம்மைகளை ஒதுக்கிவிட்டு, கூடைப்பந்து பற்றி மட்டும் பேசினோம். எதிர்மறைக் கேள்விக்கு யெஸ், நோ சொல்வதை அவனுக்குத்தான் ஒரு மாதம் விடாமல் பழக்கினேன். "நம்ம ஊர் மாதிரி இல்லை, விஷயம் உண்டுன்னா யெஸ், இல்லைன்னா நோ."

2021 ஜூலை 24 அன்று அறிவிப்பு வந்தது. பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் கூடாது, வெளிநாட்டில் இருந்துகொண்டு சீனக் குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்கவும் கூடாது. குழந்தைகளின் சுமையையும் பெற்றோரின் செலவையும் குறைக்க என்றார்கள். அந்தச் சுமையில் நானும் ஒரு பங்கு என்பதை அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ஆகஸ்டில் அவனோடு கடைசி வகுப்பு. எனக்குத் தூக்கம் போதவில்லை, தொண்டையும் சரியில்லை. முடிக்கும்போது அவன் கேட்டான்: "டீச்சர், யூ டோண்ட் கம் டுமாரோ?"

வீட்டில் பேசுகிற வேகத்தில் "யெஸ்" என்றேன்.

நான் பழக்கியபடியே அவன் அதைப் புரிந்துகொண்டான். முகம் மலர்ந்தது. "ஓகே, சீ யூ டுமாரோ" என்று கையாட்டிவிட்டுத் திரையை மூடினான்.